பழைய வண்டியின் ஆட்டத்தை நிறுத்துவது எப்படி: டயர் முதல் ஷாக் வரை, வரிசைப்படி

பழைய பைக் வாங்கியதும் பலர் செய்கிற முதல் செலவு பின் ஷாக். புது ஷாக் போட்டும் ஆட்டம் நிற்காது. அடுத்து போர்க்கில் (முன் சக்கரத்தைத் தாங்கும் இரு குழாய்க் கால்கள்) ஆயில் மாற்றுவார்கள், அப்புறம் ஹேண்டில்பார், அப்புறம் டயர். கடைசியில், பின் சக்கரத்தைத் தாங்கி ஏறி இறங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ் தேய்ந்து போயிருந்தது தெரியவரும். அதற்குள் கையில் இருந்த காசும் பொறுமையும் தீர்ந்திருக்கும். இந்த வேலையில் வரிசைதான் எல்லாம். தரையைத் தொடும் டயரில் தொடங்கி மேலே ஏற வேண்டும். தேய்மானம் முழுவதையும் சரிசெய்து முடித்த பிறகே ட்யூனிங்.

இங்கே சொல்வது முன்னால் டெலஸ்கோப்பிக் போர்க்கும் பின்னால் இரட்டை ஷாக்கும் உள்ள வண்டிகளுக்கு: பழைய புல்லட் 350, யெஸ்டி, ஆர்எக்ஸ் 100, மேக்ஸ் 100, சிடி 100, ஆரம்பகால ஸ்ப்ளெண்டர் போன்றவை. ஒற்றை ஷாக் வண்டிகளுக்கு அளவுகள் வேறு.

1. ஸ்பானரை எடுக்கும் முன் ஒரு ரவுண்டு

வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சிறிய சுற்றுப் பாதையைத் தேர்ந்தெடுங்கள். அதில் ஒரு வேகத்தடை, ஒரு குண்டும் குழியுமான இடம், இடது வலது என இரண்டு வளைவு, கொஞ்சம் நேர்ச்சாலை இருக்க வேண்டும். குமரி மாவட்டத்தில் இதற்குப் பஞ்சமில்லை. தக்கலையிலிருந்து குலசேகரம் பக்கம் எந்த உள்சாலையில் திரும்பினாலும் ஒரு கிலோமீட்டருக்குள் இவை எல்லாம் கிடைத்துவிடும். இனி ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இதே பாதை, இதே வேகம், இதே ஆள். பாதை மாறினால் வண்டி மாறியதா, ரோடு மாறியதா என்று சொல்ல முடியாது.

ஓட்டி வந்ததும் எழுதி வையுங்கள். ‘வண்டி ஆடுது’ என்று எழுதினால் பயன் இல்லை. எப்போது ஆடுகிறது? பிரேக் பிடிக்கும்போதா, ஆக்சிலேட்டரை விடும்போதா, வளைவின் நடுவிலா? தனியாகப் போகும்போதா, பின்னால் ஆள் இருக்கும்போதா? ஆட்டம் கையில் தெரிகிறதா, இருக்கையில் தெரிகிறதா? கையில் தெரிந்தால் முன்பக்கத்தில் தேட வேண்டும். இடுப்புக்குக் கீழே வண்டி நெளிவதுபோல் தெரிந்தால் ஸ்விங் ஆர்மிலும் பின் சக்கரத்திலும் தேட வேண்டும்.

ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் போய்ச் சோதித்துப் பார்க்க வேண்டாம். காற்றாலைகளைச் சும்மாவா அங்கே நட்டு வைத்திருக்கிறார்கள்? அந்தக் காற்றில் புது வண்டியும் ஆடும்.

2. கையில் இருக்க வேண்டியவை

சென்டர் ஸ்டாண்டு நன்றாக நிற்க வேண்டும். ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் முதலில் அதற்கு ஒரு வெல்டிங். எஞ்சினுக்கு அடியில் வைக்க மரக்கட்டையும் சிறிய ஜாக்கியும் வேண்டும். ஸ்பானர், ஆலன் கீ செட் போக, ஷாக்கைத் திருப்ப சி ஸ்பானர், ஸ்டீல் டேப், மில்லி கோடு போட்ட அளவுக் குவளை, நீளமான நூல், இரண்டு மூன்று கேபிள் டை, சொந்தமாக ஒரு பிரஷர் கேஜ். பெட்ரோல் பங்குகளில் இருக்கும் மீட்டர்களுக்குள் வித்தியாசம் வரும். உங்கள் கேஜ் கொஞ்சம் தப்பாகக் காட்டினாலும், ஒவ்வொரு முறையும் அதே தப்பைக் காட்டும். ஒப்பிட்டுப் பார்க்க அது போதும்.

வண்டியின் சர்வீஸ் மேனுவல் கிடைத்தால் நல்லது. போர்க் ஆயில் அளவை யாரோ சொன்னதை நம்பி ஊற்றுவதைவிட, அந்த ஒரு பக்கத்தை மட்டும் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

3. டயர், காற்று, சக்கரம்

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3418 என்றால் 2018ஆம் ஆண்டின் 34ஆவது வாரம் செய்த டயர். பட்டன் தேயாமல் நிறைய இருக்கிறது என்பதற்காகப் பத்து வருடப் பழைய டயரை வைத்துக்கொண்டு ஷாக்கை ட்யூன் செய்வதில் அர்த்தமில்லை. ரப்பர் கெட்டியாகிவிட்டால் மழையில் பிடிக்காது. சின்னச் சின்ன அதிர்வையும் அப்படியே மேலே அனுப்பும்.

பின் டயரைக் குனிந்து பின்னாலிருந்து பாருங்கள். நடுப்பகுதி தட்டையாகத் தேய்ந்திருந்தால், வளைவில் சாய்க்கும்போது வண்டி முதலில் மறுக்கும், பிறகு சட்டென்று விழும். நாகர்கோவில் – களியக்காவிளை நெடுஞ்சாலையிலேயே தினமும் ஓடுகிற வண்டிகளில் இது சகஜம். இதைப் போர்க்கின் கோளாறு என்று நினைத்துப் பிரித்துப் போட்டவர்கள் நிறைய.

காற்று: பெரும்பாலான 100 சிசி வண்டிகளுக்கு முன்னால் 25, தனியாகப் போகும்போது பின்னால் 28 பிஎஸ்ஐ என்ற அளவில் தொடங்கலாம், பின்னால் ஆள் ஏறினால் மேனுவல் சொல்லும் அளவுக்குக் கூட்ட வேண்டும். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். ஆட்டம் குறையட்டும் என்று காற்றை ஏற்றி வைத்தால் டயர் கல்லாகிவிடும். காற்றைக் குறைத்தால் சொகுசாக இருக்கும், ஆனால் வளைவில் டயரின் பக்கச் சுவர் மடங்கும்.

டயர் அளவை மாற்றியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். ஆர்எக்ஸ் 100க்கு கம்பெனி கொடுத்தது முன்னால் 2.50-18, பின்னால் 2.75-18. அழகுக்காக அகல டயர் போட்ட வண்டி சாய மறுக்கும். அதைச் சரிசெய்யப் போர்க்கில் என்ன செய்தாலும் வீண்.

அடுத்து ஸ்போக்ஸ். சின்ன ஸ்பானரால் ஒவ்வொன்றையும் தட்டுங்கள். இறுக்கமானது ‘டிங்’ என்று ஒலிக்கும், தளர்ந்தது மந்தமாகச் சத்தமிடும். போர்க்கில் ஒரு கேபிள் டையைக் கட்டி அதன் நுனி ரிம்மைத் தொடாமல் நிற்கும்படி வெட்டிவிட்டுச் சக்கரத்தைச் சுற்றினால் கோட்டம் கண்ணுக்கே தெரியும். பக்கவாட்டில் 2 மி.மீ.க்கு மேல் ஓடினால் கோட்டம் எடுக்கக் கொடுங்கள். கையோடு சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பேரிங்கையும் பார்த்துவிடுங்கள்.

4. ஸ்விங் ஆர்ம் புஷ், சக்கர நேர்கோடு

சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரு கையால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளி இழுங்கள். ‘கடக்’ என்ற அசைவு இருந்தால் புஷ் போய்விட்டது. ஷாக்கைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். ஷாக் மாட்டியிருக்கும்போது அதன் இழுவை சிறிய ஆட்டத்தை மறைத்துவிடும். வளைவின் நடுவில் பின்பக்கம் தனியாக ஸ்டியரிங் பிடிப்பதுபோல் இருந்தால் முதல் சந்தேகம் இதன் மேல்தான்.

புஷ் மாற்றும்போது உள்ளே ஓடும் ஷாஃப்டையும் பாருங்கள். மழை ஊரில் தண்ணீர் உள்ளே போய்த் துரு பிடித்து, ஷாஃப்டில் பள்ளம் விழுந்திருக்கும். பழைய ஷாஃப்டில் புது புஷ் போட்டால் சில மாதங்களில் பழைய கதைதான். கிடைக்காத வண்டிகளுக்கு லேத் பட்டறையில் கடைந்து வாங்கலாம். புஷ்ஷையும் ஷாஃப்டையும் சேர்த்தே கொண்டுபோங்கள்.

அப்புறம் சக்கர நேர்கோடு. செயின் அட்ஜஸ்டரில் இருக்கும் கோடுகளைப் பழைய வண்டியில் நம்பக்கூடாது. பின் டயரின் பின்பக்கத்தைச் சுற்றி நூலைக் கட்டி, இரண்டு முனைகளையும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் முன் டயரைத் தாண்டி இழுத்துக் கட்டுங்கள். நூல் பின் டயரின் இரண்டு ஓரங்களையும் தொட்டபடி போகவேண்டும். முன் டயர் ஒல்லியாக இருந்தால் இரண்டு பக்கமும் இடைவெளி வரும். அந்த இடைவெளி இருபுறமும் சமமாக இருக்கிறதா என்பதே கேள்வி. சமமாக இல்லையென்றால் அட்ஜஸ்டரைத் திருப்பிச் சமமாக்குங்கள், பிறகு செயின் தளர்வைப் பாருங்கள். ஒரு பக்கமாக இழுக்கிற வண்டிகளில் பாதிக்கு இந்த நூலே மருந்து.

5. கோன்செட்: இறுக்கினால் தீராது

எஞ்சினுக்கு அடியில் கட்டை கொடுத்து முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். போர்க்கின் அடிப்பகுதியை இரு கைகளாலும் பிடித்து முன்னும் பின்னும் இழுங்கள். அசைந்தால் கோன்செட், அதாவது ஹேண்டில் திரும்பும் கழுத்தில் இருக்கும் பேரிங், தளர்வு. பிரேக் பிடிக்கும்போது ஹேண்டிலில் ‘டக்’ என்று ஒரு அடி கேட்பது இதனால்தான்.

அடுத்து ஹேண்டிலை ஒரே விரலால் மெதுவாக ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் லேசாக மாட்டிக்கொண்டு நிற்கிறதா? வண்டி பெரும்பாலும் நேராகத்தான் ஓடுகிறது. அதனால் ஒவ்வொரு குழியின் அடியும் ரேஸில் (பேரிங்கின் எஃகு பால் உருளும் வளையம்) ஒரே இடத்தில் விழுந்து, பாலுக்குப் பள்ளம் எடுத்துவிடுகிறது. அந்தப் பள்ளத்தில் பால் உட்கார்ந்துகொண்டால் வண்டியைத் திருப்ப ஒரு உந்தல் வேண்டும், உந்தினால் தேவைக்கு மேல் திரும்பும். மெதுவாகப் போகும்போது வண்டி பாம்பாக நெளியும்.

புதிதாகக் கற்பவர்கள் அதிகம் தடுமாறுகிற இடம் இது. ஆட்டம் இருக்கிறதே என்று மேல் நட்டை இறுக்குவார்கள். ஆட்டம் போய்விடும், ஆனால் ஹேண்டில் கெட்டியாகி, வண்டி தன்னைத்தானே நேராக்கிக்கொள்ள முடியாமல் போகும். பள்ளம் விழுந்த ரேஸை எந்த இறுக்கமும் நிமிர்த்தாது. மேல், கீழ் ரேஸ், பால் எல்லாவற்றையும் முழு செட்டாகவே மாற்றுங்கள். பழைய பாலையும் புதுப் பாலையும் கலக்காதீர்கள். கழற்றும்போது கீழே ஒரு தட்டையோ பழைய துணியையோ விரித்துக்கொள்ளுங்கள், பால் உதிரும். மேலே எத்தனை, கீழே எத்தனை என்று எண்ணி எழுதிக்கொண்ட பிறகே பழையதைத் தூக்கிப் போடலாம்.

ரேஸ் சாய்ந்து உட்காராமல் நேராக இறங்குவதும் முக்கியம். சுத்தியலால் ஒரே பக்கம் அடிக்காமல், சுற்றிச் சுற்றித் தட்டி இறக்குங்கள். அடியில் உட்கார்ந்ததும் சத்தம் மாறும். கிரீஸைத் தாராளமாக வையுங்கள். இறுக்கத்துக்கு அளவு இதுதான்: சக்கரம் தூக்கிய நிலையில் ஹேண்டிலை நடுவிலிருந்து லேசாகத் தட்டிவிட்டால், தன் எடையிலேயே கோடி வரைக்கும் விழ வேண்டும், அதே சமயம் முன்னும் பின்னும் இழுத்தால் துளியும் அசையக் கூடாது. ஆக்சிலேட்டர், கிளட்ச் கேபிள்கள் இழுத்துப் பிடித்தால் விழாது, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். புது செட் இரண்டு வாரம் ஓடியதும் கொஞ்சம் அமர்ந்துவிடும். மறுபடி ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

6. முன் போர்க்: ஆயில், சீல், நேர்த்தி

இப்போதுதான் போர்க். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலை நன்றாக அமுக்கிவிடுங்கள். ஒருமுறை எழும்பி அமைதியாக நின்றால் டேம்பிங், அதாவது ஸ்பிரிங்கின் குதிப்பை ஆயில் அடக்கும் வேலை, உயிரோடு இருக்கிறது. இரண்டு மூன்று முறை குதித்தால் ஆயில் தீர்ந்திருக்கும் அல்லது தண்ணீர்போல் ஆகியிருக்கும். அமுக்கும்போதே கரகரப்பாக மாட்டிக்கொண்டு இறங்கினால் போர்க் குழாய் வளைந்திருக்கலாம், அல்லது இரண்டு கால்களும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லை.

மேல் மூடியைக் கழற்றும்போது கவனம். உள்ளே ஸ்பிரிங் அமுங்கிய நிலையில் இருக்கிறது. கடைசி மரை விடுபடும்போது மூடி முகத்தை நோக்கிப் பாயும். முன் சக்கரத்தைத் தூக்கி வைத்து, உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே திருப்புங்கள். முகத்தை நேர் மேலே கொண்டுபோகாதீர்கள். மூடியைத் தளர்த்தும் முன் மேல் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்திவிட்டால் மரை சுலபமாக விடும்.

வெளியே வரும் ஆயிலைக் கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மினுமினுப்பு இருந்தால் உள்ளே உலோகம் தேய்கிறது. பால் சாயா நிறத்தில் வந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. நம் ஊரில் வருடத்துக்கு இரண்டு பருவமழையிலும் நனைகிற வண்டிகளில் இதுதான் அதிகம் வரும். இடது காலில் வந்த அளவையும் வலது காலில் வந்த அளவையும் தனித்தனியாக அளந்து எழுதுங்கள். ஒன்றில் பாதியாக இருந்தால் போர்க் ஒழுங்காக வேலை செய்யாததற்குக் காரணம் தெரிந்துவிடும்.

போர்க்கைப் பிரிக்கும்போது அடிப் போல்ட் கழலாமல் உள்ளேயே சுற்றினால், ஸ்பிரிங்கை மறுபடி உள்ளே விட்டு, மூடியைப் போட்டு, போர்க்கை அமுக்கிப் பிடித்துக்கொண்டு திருப்புங்கள். ஸ்பிரிங்கின் அழுத்தம் உள் குழாயைப் பிடித்துக்கொள்ளும். அதற்கும் அசையாவிட்டால் டயர்க் கடையில் இருக்கும் ஏர் கன் ஒரு நொடியில் எடுத்துவிடும்.

குழாயை மேசைக் கண்ணாடி மேல் வைத்து உருட்டுங்கள். அடியில் வெளிச்சம் வந்து வந்து போனால் வளைவு இருக்கிறது. லேசான வளைவை லேத் பட்டறையில் டயல் கேஜ் வைத்து நிமிர்த்துவார்கள். சுருக்கம் விழுந்த குழாயைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. குரோம் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். சீல் ஏறி இறங்கும் பகுதியில் நகம் மாட்டுகிற குழி இருந்தால் புது சீலையும் அது அறுத்துவிடும். குழியின் விளிம்பை ஆயில் தொட்ட 1500 எமரித் தாளால் தேய்த்து மழுங்கச் செய்வது தற்காலிக வேலைதான். நிரந்தரமாகத் தீர புதுக் குழாய் போடவேண்டும், அல்லது பழையதற்கு ஹார்டு குரோம் ஏற்றிக் கடைந்து வாங்கவேண்டும்.

இரண்டு ஸ்பிரிங்கையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி உயரத்தை ஒப்பிடுங்கள். ஒன்று குட்டையாக இருந்தால் இரண்டையும் மாற்றுங்கள். சுருள் ஒரு பக்கம் நெருக்கமாக இருந்தால், கழற்றும்போது அது மேலே இருந்ததா கீழே இருந்ததா என்பதைக் குறித்துக்கொண்டு அப்படியே போடுங்கள்.

ஆயிலைப் பொறுத்தவரை, மேனுவல் சொல்லும் கெட்டியிலேயே தொடங்குங்கள். எஞ்சின் ஆயிலை ஊற்றுவது ஊரெங்கும் நடக்கிறது. போர்க் ஏறி இறங்கும் வேகத்துக்கு நுரைக்காமல் இருக்க வடிவமைத்தது போர்க் ஆயில்தான், விலை வித்தியாசமும் பெரிதில்லை. 10டபிள்யூ என்று ஒரே கெட்டி எண் போட்டிருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி கெட்டி மாறும். ஆகவே ஒரே பிராண்டில் இருந்துகொண்டே கெட்டியைக் கூட்டவோ குறைக்கவோ செய்யுங்கள்.

பழைய போர்க்கில் ஆயில் கெட்டி, அமுங்குவதையும் எழும்புவதையும் சேர்த்தே மெதுவாக்கும். ஸ்பிரிங்கை அது வலுவாக்காது. போர்க் அடி தட்டுகிறது என்று 30டபிள்யூ ஊற்றினால், அடுத்தடுத்து குழிகள் வரும் ரோட்டில் போர்க் ஒரு குழியிலிருந்து எழும்பும் முன் அடுத்த குழி வந்துவிடும். அப்படியே கீழே இறங்கிக்கொண்டே போய்க் கட்டையாகிவிடும்.

வடிப்பான் திருகை மட்டும் கழற்றி ஆயில் வடித்தால் உள்ளே கொஞ்சம் தங்கிவிடும். பிரித்துக் கழுவிய போர்க்குக்குச் சொன்ன முழு அளவை அதில் ஊற்றினால் அதிகமாகும். ஊற்றிய பிறகு போர்க்கைப் பலமுறை ஏற்றி இறக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். அப்புறம் ஸ்பிரிங் இல்லாமல் முழுக்க இறக்கி வைத்து, குழாயின் வாயிலிருந்து ஆயில் மட்டம் வரை அளக்க வேண்டும். இரண்டு கால்களிலும் இந்த மட்டம் ஒன்றாக இருக்க வேண்டும். மேலே இருக்கும் காற்றும் ஒரு ஸ்பிரிங் மாதிரி வேலை செய்வதால் 10 மி.மீ. வித்தியாசம்கூட ஓட்டத்தின் கடைசிப் பகுதியில் தெரியும்.

திரும்ப மாட்டும் வரிசை: முதலில் மேல், கீழ் கிளாம்ப் போல்ட்டுகள். மட்கார்டு போல்ட்டுகளைக் கையால் மட்டும். ஆக்ஸில் நட்டை இறுக்கி, கிளாம்பை மட்டும் தளர்வாக விடுங்கள். வண்டியைத் தரையில் இறக்கி, முன் பிரேக் பிடித்துப் போர்க்கை நாலைந்து முறை நன்றாக அமுக்குங்கள். கால்கள் தாமாகவே இணையான இடத்தில் வந்து நிற்கும். அதற்குப் பிறகே ஆக்ஸில் கிளாம்பும் மட்கார்டும். இந்த ஒரு விஷயத்தைத் தவறவிட்டுத்தான் புது சீல், புது ஆயில் போட்ட போர்க்கும் மாட்டி மாட்டி இறங்குகிறது. வண்டி விழுந்து ஹேண்டில் கோணலானால், சக்கரத்தை முழங்காலுக்கு நடுவே பிடித்து முறுக்குகிறவர்களும் இதே வரிசையைச் செய்யலாம்.

7. பின் ஷாக்

ஷாக்கின் தண்டில் ஈரம் தெரிந்தால் ஆயில் வடிகிறது. அதை மாற்றுங்கள், எப்போதும் ஜோடியாக. ஒரு பக்கம் புதிதும் மறு பக்கம் பழசும் இருந்தால் ஸ்விங் ஆர்ம் முறுக்கிக்கொள்ளும். வாங்கும்போது ஷாக்கின் ஒரு கண்ணின் (போல்ட் நுழையும் வளையம்) நடுவிலிருந்து மறு கண்ணின் நடுவரை உள்ள நீளத்தை அளந்து கொண்டுபோங்கள். வேறு வண்டியின் நீளமான கேஸ் ஷாக்கைப் போட்டால் பின்பக்கம் தூக்கி, முன்பக்கம் செங்குத்தாகி, நேர்ச்சாலையில் வண்டி நிலையில்லாமல் போகும். சென்டர் ஸ்டாண்டும் ஒழுங்காக நிற்காது.

ஷாக்கின் அடியில், ஸ்பிரிங்கைத் தாங்கும் வளையத்தில் இருக்கும் படிகளைத் திருப்பினால் ஸ்பிரிங் கெட்டியாகிறது என்று பலரும் நம்புகிறார்கள். ஸ்பிரிங் அதேதான், வண்டி நிற்கும் உயரம் மட்டுமே மாறுகிறது. இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய வண்டிகளில் ஒன்று துருப்பிடித்து நின்றுபோயிருக்கும். டீசல் தெளித்து ஊறவிட்டுத் திருப்புங்கள். திருகுச்சியை வைத்துச் சுத்தியலால் அடித்தால் படி உடையும்.

8. அமுங்கும் அளவை அளப்பது

இதற்கு இன்னும் இருவர் வேண்டும். பின்பக்கத்துக்கு, ஆக்ஸில் நடுவிலிருந்து நேர் மேலே மட்கார்டில் ஒரு டேப் ஒட்டிக் கோடு போடுங்கள். சென்டர் ஸ்டாண்டில் பின் சக்கரம் தொங்கும்போது அளந்தால் முழு நீளம் கிடைக்கும். அப்புறம் நீங்கள் வழக்கமான உடையில் ஏறி, கால்களை ஃபுட்ரெஸ்டில் வைத்து உட்கார, ஒருவர் ஹேண்டிலைப் பிடித்துக்கொள்ள, மற்றொருவர் அளக்கட்டும். முதல் அளவு 345, இரண்டாவது 318 என்றால் 27 மி.மீ. அமுங்குகிறது.

சக்கரத்தின் மொத்த ஏற்ற இறக்கத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் இந்த அமுக்கம் இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் சக்கரம் குழிக்குள் இறங்கித் தரையைத் தொட இடமில்லை. அதிகமாக இருந்தால் அடி தட்ட இன்னும் கொஞ்ச தூரமே பாக்கி. பின்னால் படியைத் திருப்பிச் சரிசெய்யுங்கள். நீங்கள் உட்கார்ந்தால் அளவு சரி, ஆனால் வண்டி தன் எடையில் கொஞ்சமும் அமுங்காமல் நிற்கிறது என்றால் ஸ்பிரிங் தளர்ந்துபோய்விட்டது, அதைப் படி ஏற்றி முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறீர்கள். புது ஸ்பிரிங் வேண்டும்.

முன்னால், போர்க் குழாயில் ஒரு கேபிள் டையைக் கட்டிச் சீல் வரை இறக்கிவிடுங்கள். மெதுவாக ஏறி உட்கார்ந்து, மெதுவாக இறங்கி, சக்கரத்தைத் தூக்கியதும் டை நிற்கும் தூரமே அமுங்கிய அளவு. ஓட்டி வந்த பிறகும் அது எவ்வளவு ஓடியது என்று சொல்லும். குழாயை மூடி வைத்திருக்கும் வண்டிகளில் டேப்பால்தான் அளக்க வேண்டும். முன்னால் அளவைக் குறைக்கப் படிகள் இல்லை. ஸ்பிரிங்குக்கு மேலே ஒரு துண்டு கனமான பிவிசி குழாயோ வாஷரோ கொடுத்துத்தான் ஏற்ற வேண்டும். ஒரு தடவைக்கு 5 மி.மீ. போதும். ஆசைப்பட்டு நீளமாக வெட்டினால் மூடியின் மரை போய்விடும்.

ஒரு முறை கையால் அமுக்கி மெல்ல விட்டு அளங்கள், இன்னொரு முறை தூக்கி மெல்ல விட்டு அளங்கள். இரண்டுக்கும் நடு அளவை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் இடையே 10 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் போர்க் எங்கோ மாட்டுகிறது. ஆறாவது பகுதிக்குத் திரும்பிப் போங்கள்.

9. ஒரு நேரம் ஒரு மாற்றம்

இப்போது அதே பழைய சுற்று. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, எழுதிக்கொண்டே வாருங்கள்.

வளைவில் வண்டி வெளியே வெளியே போனால் பின் படியை ஒன்று ஏற்றுங்கள். முன்பக்கம் சற்று இறங்கி, திரும்புவது லேசாகும். நேர்ச்சாலையில் ஹேண்டில் நிலையில்லாமல் இருந்தால் அதே படியை இறக்குங்கள். வேகத்தடையைத் தாண்டியதும் பின்பக்கம் குதித்துக்கொண்டே இருந்தால் ஷாக்கின் டேம்பிங் தீர்ந்துவிட்டது, படி உதவாது. மார்த்தாண்டம் மேம்பாலத்தின் இணைப்புகளில் மணிக்கட்டு வரை அடிக்கிறதா? காற்றைப் பாருங்கள், அப்புறம் போர்க் ஆயிலை ஒரு கெட்டி குறைத்துப் பாருங்கள்.

ஹேண்டில் மட்டும் படபடவென அதிர்ந்தால் டயர், கோன்செட், சக்கரக் கோட்டம். வண்டி முழுவதும் மெதுவாக இப்படியும் அப்படியும் நெளிந்தால் ஸ்விங் ஆர்ம் புஷ், பின் ஷாக், அல்லது பின்னால் கட்டிய சுமை. ஓடும்போது இது வந்தால் ஹேண்டிலை இறுகப் பிடிக்காதீர்கள், திடீரென்று பிரேக் பிடிக்காதீர்கள். டேங்கை முழங்கால்களால் அணைத்துக்கொண்டு ஆக்சிலேட்டரை மெதுவாகக் குறையுங்கள்.

ரப்பர் ஷீட் கட்டு, வாழைக்குலை, மீன் பெட்டி எதுவானாலும் பின் ஆக்ஸிலுக்குப் பின்னால் தொங்கினால் முன் சக்கரம் லேசாகிவிடும். எந்தப் படியாலும் அதை முழுக்கச் சரிசெய்ய முடியாது. சுமையை முன்னால், கீழே கொண்டுவந்து கட்டுங்கள், பின் டயரில் காற்றைக் கூட்டுங்கள், படியை ஏற்றுங்கள். வெறும் வண்டியாகத் திரும்பி வரும்போது இறக்க மறக்காதீர்கள்.

10. வண்டிக்கு வண்டி குணம்

புல்லட் கனமான வண்டி. தாமதமாகச் சாயும், சாய்ந்தபின் ஒரே கோட்டில் போகும். அதைச் சின்ன வண்டிபோல் சட்டென்று திருப்ப ட்யூன் செய்யப் போகாதீர்கள். பழைய மாடலில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில் இருப்பதால், புதிதாக ஓட்டுகிறவர் சோதனைச் சுற்றை மெதுவாகவே தொடங்கவேண்டும்.

ஆர்எக்ஸ் 100 லேசான டூ ஸ்ட்ரோக். ஆக்சிலேட்டரை விட்டால் எஞ்சின் பெரிதாகப் பிடிக்காது. முழு வேலையும் பிரேக்கில் விழும், போர்க் அதிகம் குனியும். இந்த வண்டியில் போர்க் ஆயில் மட்டமும் முன் டிரம் பிரேக்கின் நிலையும் சேர்ந்தே பார்க்க வேண்டியவை. தடிக்காரன்கோணம் – கீரிப்பாறை சாலை போன்றவற்றின் இறக்க வளைவுகளில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். மார்கழி, தை மாதங்களில் ரப்பர் இலை உதிர்ந்து கிடக்கும் சாலைகளில் எவ்வளவு நல்ல ட்யூனிங்கும் காப்பாற்றாது, வேகத்தைக் குறைப்பதுதான் வழி.

சிடி 100, ஸ்ப்ளெண்டர் போன்றவற்றின் பின் ஷாக் ஒருவருக்கு இதமாகவும் இருவருக்குத் தளர்வாகவும் இருக்கும். வீட்டில் இருவராகவே போவதுதான் வழக்கம் என்றால் அமுங்கும் அளவையும் இருவராகவே உட்கார்ந்து அளங்கள்.

11. கடற்கரைப் பக்கம் ஓடுகிற வண்டிக்கு

மணக்குடி முதல் குளச்சல் வரை கடலோரமாக ஓடும் வண்டிகளில் போர்க் சீல் சீக்கிரம் போகும். உப்புக் காற்று குரோமை அரிக்கிறது. மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணலில் இல்மனைட்டோடு கார்னெட்டும் இருக்கிறது. உரசித் தேய்க்கும் வேலைக்குப் பயன்படுகிற அதே கார்னெட். அது சீலின் உதட்டில் ஒட்டிக்கொண்டால் ஒவ்வொரு அமுக்கத்திலும் குழாயை உரசும்.

சீல் கசியத் தொடங்கியதும் உடனே மாற்ற வேண்டியதில்லை. மேல் தூசி சீலை உயர்த்தி, பழைய ஃபிலிம் சுருளிலோ மெல்லிய பிளாஸ்டிக் தகட்டிலோ ஒரு துண்டைக் கொக்கிபோல் வெட்டி, சீலுக்கும் குழாய்க்கும் நடுவே விட்டு ஒரு சுற்று சுற்றி இழுங்கள். மணல் வெளியே வந்ததும் கசிவு பல நேரங்களில் நின்றுவிடும். நிற்காவிட்டால் மட்டும் புது சீல். கசிந்த ஆயில் பிரேக் டிரம் பக்கம் இறங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும்.

குழாயை மூடும் ரப்பர் உறையான பெல்லோஸ் போட்டால் மணல் வராது, ஆனால் மழைத் தண்ணீர் உள்ளே தேங்கிக் குரோமைக் கண்ணுக்குத் தெரியாமல் அரிக்கும். அடியில் வடிய ஓட்டை இருக்கட்டும். மாதம் ஒருமுறை மேலே தூக்கி, துடைத்து, லேசாக ஆயில் தடவுங்கள். வைகாசி முடிவதற்குள் கோன்செட்டுக்கும் ஸ்விங் ஆர்முக்கும் கிரீஸ் வைத்துவிடுங்கள், ஐப்பசி மழைக்கு முன் இன்னொரு முறை. பிரஷர் வாஷில் கழுவுகிறவரிடம் அந்த இரண்டு இடங்களிலும் தண்ணீரை நேராக அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.